வேடந்தாங்கலில் நீர்வண்ண ஓவியம்: ஞாயிறு காலை

வணக்கம். ஜனவரி 18, ஞாயிறு காலை 6.30க்கு வேடந்தாங்கல் சரணாலய வாசலில் கூடுகிறோம். வெயில் ஏறினால் நிழல் சுருங்கி, படம் தட்டையாகிவிடும்.

1. தாள் 300 ஜிஎஸ்எம் (தாளின் கன அளவு), ஏ4, இரண்டு. மெல்லிய தாள் நனைந்ததும் சுருண்டு, வண்ணம் பள்ளத்தில் தேங்கும். நான்கு ஓரமும் டேப் ஒட்டி வாருங்கள்.

2. நத்தைகுத்தி நாரைக்கு வெள்ளை பெயின்ட் வேண்டாம். தாளின் வெள்ளையை அப்படியே விட்டு, சுற்றிலும் மரத்தின் பச்சையைப் பூசுங்கள். சாப் கிரீன் என்ற பச்சை வண்ணம் மட்டும் பூசினால் பிளாஸ்டிக் இலைதான். துளி பர்ன்ட் சியென்னா (செம்பழுப்பு) சேருங்கள்.

3. பனியில் முதல் பூச்சு மெதுவாகத்தான் காயும். ஈரத்தில் மேலே பூசினால் நிறம் ஒதுங்கித் திட்டு விழும்.

4. பிரஷ் கழுவிய தண்ணீர் ஏரிக்குள் போகக் கூடாது. மூடியுள்ள பாட்டில் அவசியம்.

வருகிறவர்கள் வியாழன் இரவுக்குள் பெயர், எத்தனை பேர் என்று எழுதுங்கள். கட்டைவிரல் மட்டும் போட்டால் கணக்கில் சேராது!