காற்றுக்கு முன்னே வந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

கஜா புயல் எங்கள் ஊரின்மேல் ஏறி இறங்கி இன்றோடு ஓராண்டு நிறைகிறது. 2018 நவம்பர் 16ஆம் தேதி, நள்ளிரவு கடந்த நேரத்தில், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே அது கரையைக் கடந்த பிறகு எங்களுக்கு அரிசியும் பாயும் தார்ப்பாயும் மெழுகுவத்தியும் கொண்டுவந்து கொடுத்தவர்கள் பலர். வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்து சேற்றில் நின்று கம்பம் நட்ட மின்பணியாளர்களையும் இவ்வட்டாரம் மறக்கவில்லை. அவர்களுக்கெல்லாம் அப்போதே மாலை போட்டு, தட்டி வைத்து நன்றி சொல்லியாயிற்று. காற்று வருவதற்கு முன்பே என் வீட்டுக்கு வந்து, என்னைத் தொந்தரவு செய்து, சில நாள் என் வாயால் ஏச்சும் வாங்கிக்கொண்டு, என் குடும்பத்தைத் தயார்செய்துவிட்டுப் போனவர்களுக்கு மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கவே இம்மடலை எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று எல்லோரும் ஒரே குரலில் கேட்டுக்கொண்டதால் உறவையும் தொழிலையும் மட்டும் சொல்கிறேன், ஊரார் புரிந்துகொள்வார்கள்.

முதல் நன்றி என் பெரியப்பாவுக்கு. பிறந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவள் நான். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். வீட்டில் சர்க்கரை நோயுள்ள மாமியார், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், ஒரு பசு, அதன் கன்று. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் குமரி மாவட்டத்தைச் சூறையாடிய செய்தி வந்த மறுநாளே பெரியப்பா வந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "இது நம்ம பக்கம் வந்தா என்னம்மா செய்வே?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. 1977 நவம்பர் 12ஆம் தேதி நாகைக் கரையைத் தாக்கிய புயலை அவர் இளைஞராக இருந்து பார்த்தவர். அந்தக் கதையை நாங்கள் சிறுவயதிலிருந்து கேட்டுக் கேட்டுச் சலித்திருந்தோம். ஆனால் அன்று அவர் கதை சொல்லவில்லை. வீட்டைச் சுற்றி நடந்து, எது பறக்கும், எது விழும், எது நனையும் என்று ஒவ்வொன்றாகக் காட்டி, என் மகளின் பழைய நோட்டில் எழுத வைத்தார். அந்த நோட்டு இன்னும் அரிசிப் பானைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது.

அவர் காட்டிய முதல் பொருள், வீட்டை ஒட்டிச் சாய்ந்து நின்ற இரண்டு தென்னை மரங்கள். என் மாமியார் கல்யாணமாகி வந்த வருடம் நட்டவை அவை. தென்னையை நம் பக்கத்தில் மரம் என்று யார் சொல்கிறார்கள்? தென்னம்பிள்ளை என்றுதான் சொல்கிறோம். பிள்ளையை வெட்டச் சொல்கிறீர்களா என்று மாமியார் அழுதார். இரண்டு நாள் சாப்பிடவில்லை. அந்த அழுகையைத் தாங்கிக்கொண்டு, பொறுமையாகப் பேசி, அவர் சம்மதம் சொன்ன பிறகே அரிவாளை எடுத்தவர் எங்களுக்குத் தேங்காய் பறித்துக் கொடுக்கும் அண்ணன். வெட்டுவதற்கு முன் மரத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, கயிறு கட்டி, வீட்டின்மேல் ஓர் ஓலைகூட விழாமல் இறக்கினார். கூலியில் பாதியைத்தான் வாங்கிக்கொண்டார். 2018 ஐப்பசியில் மீண்டும் வந்து, மற்ற மரங்களில் காய்ந்த மட்டைகளையும் முற்றிய குலைகளையும் கழித்து, "மண்டை கனமில்லாமல் இருந்தால் நிற்க வாய்ப்புண்டு" என்று சொன்னார். எங்களுக்கிருந்த 42 மரங்களில் 37 அன்றிரவு சாய்ந்துவிட்டன. அந்தக் காற்றுக்கு முன் கழித்த மரம், கழிக்காத மரம் என்ற வேறுபாடு பெரிதாக இல்லை. ஆனால் வெட்டிய அந்த இரண்டும் நின்றிருந்தால், சாய்ந்த திசையைப் பார்க்கும்போது, மாமியார் படுக்கும் அறையின்மீதுதான் விழுந்திருக்கும். மாமியாரே இப்போது இதைச் சொல்லிச் சொல்லி அவரை வாழ்த்துகிறார்.

கொத்தனாருக்கு அடுத்த நன்றி. எங்களுடையது ஓட்டு வீடு. காற்று கூரையை மேலிருந்து அழுத்திப் பெயர்ப்பதில்லை, தாழ்வாரத்தின் அடியில் புகுந்து மேலே தூக்கித்தான் பெயர்க்கிறது என்பதை ஒரு முறத்தைக் கையில் பிடித்துக் காட்டி எனக்கு விளக்கியவர் அவர். முகட்டு ஓடுகளுக்குச் சிமெண்ட் பூசி, ஓரச் சட்டங்களை இரும்புப் பட்டையால் சுவரோடு பிணைத்தார். இரண்டு நாள் வேலை. முன்பக்கத்து ஓடுகள் முழுவதும் போய்விட்டன என்றாலும் சட்டம் நின்றதால், தார்ப்பாயை இழுத்துக் கட்டி அதே வீட்டில் இருக்க முடிந்தது.

கிராம சுகாதார செவிலியரான சகோதரிக்கு நான் எழுத வேண்டியது அதிகம். மாமியாருக்குத் தினமும் இரண்டு வேளை இன்சுலின் போட வேண்டும். மின்சாரம் போனால் குளிர்சாதனப் பெட்டி வெறும் அலமாரி என்பதை அவர்தான் முதலில் நினைவுபடுத்தினார். ஒரு பெரிய மண்பானை, அதனுள் ஒரு சிறிய மண்பானை, இரண்டுக்கும் நடுவே ஈர மணல், மேலே நனைத்த துணி. மருந்துக் குப்பியை நெகிழிப் பையில் சுற்றிச் சிறிய பானைக்குள் வைத்து, நிழலில், காற்றோட்டமான இடத்தில் பானையை வைக்க வேண்டும் என்று செய்தே காட்டினார். பயன்பாட்டில் உள்ள குப்பியைப் பொதுவாக நான்கு வாரம் வரை வெளியில் வைக்கலாம், வெயிலும் சூடும் படக்கூடாது என்று அட்டையில் எழுதிக் கொடுத்தார். ஒரு மாதத்துக்கான மருந்தையும் ஊசியையும் முன்கூட்டியே வாங்கி வைக்கும்படி விடாமல் நச்சரித்தார். நச்சரித்தார் என்ற சொல்லை அவர் மன்னிக்க வேண்டும், எனக்கு அப்போது அப்படித்தான் தோன்றியது. எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்பியது 23ஆம் நாள். அந்த 23 நாளும் மாமியாருக்கு ஒரு வேளை ஊசிகூடத் தவறவில்லை. அவர் கொடுத்திருந்த குளோரின் மாத்திரைகளை, 20 லிட்டர் குடத்தண்ணீருக்கு ஒன்று வீதம் போட்டு அரை மணி நேரம் கழித்துக் குடித்தோம். கொள்ளிடத்துக் குழாய்த் தண்ணீர் மோட்டார் ஓடாமல் நின்றுவிட்டதால் தெருவே ஒரு கைபம்பை நம்பியிருந்தது. என் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வரவில்லை என்பதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை.

கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தம்பிக்கும் நன்றி. குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், பட்டா, சிட்டா எல்லாவற்றையும் லேமினேட் செய்து தரச் சொல்லிப் போனவளை நிறுத்தி, மூலப் பத்திரங்களை ஒட்டிவிட்டால் பின்னால் சிக்கல் வரலாம் என்று சொல்லி, நகல்களை மட்டும் ஒட்டிக் கொடுத்து, மூலங்களை இரண்டு நெகிழி உறைகளில் போட்டுக் கட்டித் தந்தார். வந்த வியாபாரத்தையே குறைத்துக்கொண்ட மனிதர்! தோப்பையும் வீட்டையும் நான்கு பக்கமும் படம் எடுத்துச் சிங்கப்பூருக்கு அனுப்பி வைக்கச் சொன்னதும் அவர்தான். விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் அரசு அறிவித்தபோது, கணக்கெடுக்க வந்தவர்கள் கேட்ட தாள்கள் அனைத்தும் என் கையில் காய்ந்த நிலையில் இருந்தன. நனைந்த பட்டாவை வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்த பல வீடுகளை அன்று பார்த்தேன்.

இனி அந்த இரவைப் பற்றி எழுத வேண்டும், ஏனெனில் பெரியப்பாவுக்கு நான் படும் கடன் அங்கேதான் முழுமையாகிறது. கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே புயல் கரையைக் கடக்கும் என்று வானிலை ஆய்வு மையம் அறிவித்திருந்தது. அவ்வளவு நீளமான கரையில் நம் ஊரைத் தேடியா வரும் என்று எனக்குள் ஓர் அசட்டுத் தைரியம். 15ஆம் தேதி மாலை வானம் பெரிதாக மிரட்டவும் இல்லை. பெரியப்பா வந்து, நோட்டைப் பார்த்து, பசுவையும் கன்றையும் கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்துத் திடலில் விட்டார். கட்டிக் கிடக்கும் மாடு தப்பிக்க வழியில்லாமல் சாகும், அவிழ்த்த மாடு தானே இடம் தேடிக்கொள்ளும் என்பது அவர் 1977இல் கண்டது. பிறகு எங்களைப் பள்ளிக்கூடத்துக் கான்கிரீட் கட்டடத்துக்கு அழைத்துப் போனார்.

நள்ளிரவுக்குமேல் வடக்கிலிருந்து அடித்த காற்றில் ஜன்னல்கள் அதிர்ந்தன. தென்னைகள் முறியும் ஓசை வெடிபோலத் தொடர்ந்து கேட்டது. திடீரென்று எல்லாம் நின்றது. இலைகூட அசையவில்லை. முடிந்துவிட்டது என்று எல்லோரும் எழுந்தோம். என் மகன் பசுவைப் பார்க்கக் கதவை நோக்கி ஓடினான், அவன் பின்னால் நான், எங்கள் பின்னால் பத்துப்பேர். பெரியப்பா ஊன்றுகோலைக் கதவுக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு நின்றார். "பாதிதான் போயிருக்கு, மீதி தெக்கேருந்து வரும்" என்றார். ஒரு பெரியவரை அன்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து கோபித்துக்கொண்டோம். நானும் மரியாதையில்லாத ஒரு வார்த்தை சொன்னேன். புயலின் கண் எங்கள் தலைக்குமேல் கடந்துகொண்டிருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது. சிறிது நேரத்தில், கடலோரத்தார் சோழகம் என்று சொல்லும் தென்திசைக் காற்று, முன்னதைவிட மூர்க்கமாக எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்தது. வடக்குக் காற்றில் பாதி முறிந்து நின்ற மரங்களும் பெயர்ந்து நின்ற ஓடுகளும் அப்போதுதான் பறந்தன. நாங்கள் போயிருக்க வேண்டிய தெருவின் குறுக்கே மறுநாள் காலை ஏழு மரங்கள் கிடந்தன. அந்த வார்த்தைக்காக, பெரியப்பா, இந்த மடலில் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். (பசு மூன்றாம் நாள் தானாக வந்தது, கன்று வரவில்லை.)

நோட்டில் எழுதியும் நான் செய்யாத காரியம் ஒன்றுண்டு. கையில் சில்லறை நோட்டுகளாகப் பணம் வைத்திரு என்று பெரியப்பா சொல்லியிருந்தார். பணம்தான் வங்கியில் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். மின்சாரமும் தொலைத்தொடர்பும் இல்லாத ஊரில் ஏடிஎம் அட்டைக்கு மதிப்பில்லை. அந்த நாட்களில் ஒரு சொல்லும் கேட்காமல் கடன் நோட்டில் எழுதிக்கொண்டு, பருப்பும் எண்ணெயும் தீப்பெட்டியும் பழைய விலைக்கே கொடுத்த மளிகைக் கடை அக்காவுக்கு என் வணக்கம். கடனை அடைத்துவிட்டேன் என்றாலும் அதைத் தீர்ந்த கடனாக நான் எண்ணவில்லை.

திருச்சியில் இருக்கும் பெரியப்பா மகளுக்கும் ஒரு வரி. ஆபத்துக் காலத்தில் ஒருவரையொருவர் தேடிக்கொண்டிருக்காமல், எல்லோரும் வெளியூரில் உள்ள அவளுக்குத்தான் தகவல் சொல்ல வேண்டும் என்று முன்பே பேசி வைத்திருந்தோம். நான்காம் நாள், அலைபேசிச் சிக்னல் கிடைக்கும் இடம்வரை இரு சக்கர வண்டியில் போன பக்கத்துத் தெருத் தம்பி, பதினெட்டு வீட்டுச் செய்தியைத் தாளில் எழுதிக்கொண்டு போய் அவளிடம் வாசித்திருக்கிறார். அதுவரை சிங்கப்பூரில் உறங்காமல் இருந்த என் கணவர் அன்றுதான் சாப்பிட்டாராம்.

கடைசியாக, எனக்கு முகம் தெரியாத ஒருவருக்கு. 16ஆம் தேதி காலை வீடு திரும்பியபோது எங்கள் திண்ணைத் தூணோடு சேர்த்துக் கட்டிய ஒரு நீல நிற டிரம், விளிம்புவரை நல்ல தண்ணீரோடு நின்றிருந்தது. தண்ணீரின் கனத்தால்தான் அந்தக் காற்றிலும் அது அசையாமல் இருந்திருக்கிறது. நாங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகு, இருட்டுவதற்குள், யாரோ கொண்டுவந்து நிரப்பி வைத்திருக்கிறார்கள். முதல் மூன்று நாள் நாங்களும் எதிர்வீட்டாரும் குடித்தது அந்தத் தண்ணீரைத்தான். ஓராண்டாக விசாரிக்கிறேன், யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. டிரம்மைக் கழுவிக் கவிழ்த்துத் தாழ்வாரத்தில் வைத்திருக்கிறேன். உரியவர் எப்போது வந்தாலும் எடுத்துக்கொள்ளலாம். மூடி மட்டும் விரிசல் விட்டிருந்ததால் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறேன்.

நன்றியுடன்,
வேதாரண்யம் வட்டத்திலிருந்து உங்கள் சகோதரி