முகாமின் வளரிளம் பருவத்தினர் நல அறைக்குத் துணைநின்றோருக்கு நன்றி

போரினால் இடம்பெயர்ந்த 10 முதல் 19 வயது வரையிலானோருக்கெனப் பாலியல், இனப்பெருக்க நல ஆலோசனை அறை ஒன்றை முகாமில் நடத்திவரும் எங்கள் குழு, இதற்குத் துணைநின்ற அனைவருக்கும் நன்றி தெரிவித்துக்கொள்கிறது.

முதல் நன்றி மருத்துவிச்சிகளுக்கு. தொடக்கத்தில் கர்ப்பிணிகளின் வரிசையிலேயே இளம்பெண்களையும் நிற்கச் சொல்லியிருந்தோம். அது எங்கள் பிழை. மணமாகாத பெண் அந்த வரிசையில் நின்றாலே மாலைக்குள் முகாம் முழுதும் பேச்சாகிவிடும் என்று எடுத்துரைத்து, தனி நேரமும் பின்புற வாசலும் கேட்டு வாதிட்டவர்கள் அவர்களே.

பாலியல் வன்முறைக்கு ஆளானவர் 72 மணி நேரத்துக்குள் வந்தால்தான் எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தைத் தொடங்க முடியும். அவசரக் கருத்தடை மாத்திரைக்கு 120 மணி நேரம் வரை அவகாசம் உண்டெனினும், அதையும் எவ்வளவு விரைவாக எடுக்கிறோமோ அவ்வளவு பயன். யாரிடம் சொல்வது என்று தயங்கிக் கழியும் ஓர் இரவுகூட இந்தக் கணக்கில் பெரிது. ஆகவே, விடுமுறை நாளிலும் மருந்து அலமாரியின் சாவியை மருத்துவிச்சியின் கைக்கெட்டும்படி வைத்த கிடங்குப் பொறுப்பாளருக்கும், காவல்துறையில் முறையிட்டால்தான் சிகிச்சை என்ற தவறான எண்ணத்தைக் கூடாரம் கூடாரமாகச் சென்று போக்கிய தன்னார்வலர்களுக்கும், கேட்டதை மழுப்பாமல் மொழிபெயர்த்து வெளியே ஒரு சொல்லும் கசியாமல் காத்த மொழிபெயர்ப்பாளர்களுக்கும் கடமைப்பட்டுள்ளோம்.

எங்களோடு சண்டையிட்ட தாய்மார்களுக்கும் நன்றி. கருத்தடை பற்றிப் பேசினால் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்பது அவர்களது அச்சம். மகளுக்கு விரைந்து மணம் முடிப்பதே பாதுகாப்பு என்பது பலரது எண்ணம். 20 முதல் 24 வயது வரையிலான தாய்மார்களைவிட வளரிளம் தாய்மார்களுக்குக் கர்ப்பகால வலிப்பும் பிரசவத்துக்குப் பிந்தைய தொற்றும் நேரும் ஆபத்து மிகுதி என்பதை அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். சிலர் இன்றும் உடன்படவில்லை; ஆயினும் மகள்களைத் தடுக்கவில்லை.

உணவும் கூடாரமும் தந்த பிறகு இதைப் பார்க்கலாம் என்றவர்களிடம், இடம்பெயர்ந்தோரின் இனப்பெருக்க நலத் தேவையை 1994-ஆம் ஆண்டு கெய்ரோவில் நடந்த ஐ.நா. மக்கள்தொகை, வளர்ச்சி மாநாடே ஏற்றுக்கொண்டதை நினைவூட்டிய மருத்துவர்களுக்கு நன்றி. கழிப்பறைக் கதவுகளுக்கு உட்புறத் தாழ்ப்பாள் பொருத்திய இளைஞர்களுக்கும் நன்றி. எங்கள் நிதி விண்ணப்பம் எதிலும் அந்தத் தாழ்ப்பாள் இடம்பெற்றிருக்கவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

தோழியின் கையைப் பிடித்து அழைத்துவந்து, அவள் பேசி முடிக்கும்வரை வெளியே காத்திருந்த பெண்களுக்கும் எங்கள் நன்றி உரியது. அவர்களின் பெயர்களைப் பதிவேட்டிலும் நாங்கள் எழுதியதில்லை.

இப்படிக்கு,
ஆலோசனை அறைக் குழுவினர்