குச்சியைச் செருகிவிட்டுப் பறந்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து இறங்கும் காலம் நெருங்குகிறது. சொக்கிலேற்றோடும் சப்பாத்தோடும் இப்போது அவர்களின் பெட்டிக்குள் இன்னொன்றும் வருகிறது. ரிவியின் முதுகில் செருகிவிட்டால் இன்ரநெற்றில் உள்ள படம், பாட்டு, கோயில் நேரலை எல்லாவற்றையும் காட்டும் சின்னக் கருவி. ஃபயர் ரிவி, குரோம்காஸ்ற், றோக்கு என்று பெயர்கள் பல. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் குச்சி. கொண்டுவரும் பிள்ளைகளுக்கு ஒரு விசயம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் குச்சியை மகன் ரொறன்ரோவில் இருந்து கொண்டுவந்தான். கொழும்புக்கு வான் ஏறும் அன்று காலை அவசர அவசரமாகப் பூட்டிவிட்டுப் போனான். நன்றாகத்தான் வேலை செய்தது. போன மாசியில் இன்ரநெற் கொம்பனியில் இருந்து ஒருவர் வந்து வீட்டுக்கு வைஃபை தரும் பழைய றவுட்டரைக் கழற்றிவிட்டுப் புதியதை வைத்தார். அடுத்த வாரம் ஸ்காபரோவில் மனைவியின் தமக்கை காலமானார்.

செத்தவீட்டு நேரலையின் லிங்க் வட்ஸ்அப்பில் வந்தது. அங்கே காலை பத்து, இங்கே இரவு எட்டரை. ரிவியைப் போட்டால் குச்சி இணைப்பு இல்லை என்கிறது. அதற்குத் தெரிந்தது பழைய றவுட்டரின் பெயரும் கடவுச்சொல்லும் மட்டும்தான். புதியதை எங்கே போய் அடிப்பது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. மகனைக் கேட்கலாம் என்றால் அவன் மண்டபத்தில் நிற்கிறான். கைபேசியில் பார்க்கிறோம், பெரியம்மாவின் தலைமாட்டில் கைகட்டிக்கொண்டு நிற்கிறான். கண்புரை வெட்டிய கண்ணோடு மனைவி அந்தச் சின்னத் திரையிலேயே தமக்கையை வழியனுப்பினார்.

மறுநாள் பக்கத்து வீட்டில் ஏ.எல் படிக்கும் பெடியன் வந்து மூன்று நிமிடத்தில் சரிசெய்தான். "பழைய பெயரையும் பாஸ்வேர்ட்டையுமே புதுசுக்கும் வையுங்கோ எண்டு சொல்லியிருந்தால் குச்சி தானாப் பிடிச்சிருக்கும், ஐயா" என்றான். நான் தபாற்கந்தோரில் தந்திப் பகுதியில் இருந்தவன். மரணத் தந்தி ஒன்று இப்படிப் பிந்தியிருந்தால் எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கும்.

ஆகவே, குச்சி கொண்டுவருகிறவர்கள் வந்த முதல் வாரமே அதைப் பூட்டுங்கள். பிழை எதுவானாலும் நீங்கள் நிற்கும்போதே வெளியே வரட்டும். கனடா அடப்டருக்கு இரண்டு தட்டைக் கால். இங்கத்தைய பிளக்கில் போகாது. அதில் 100–240 வோல்ற் என்று எழுதியிருந்தால் எங்கள் 230க்குப் பயமில்லை, காலை மாற்றும் சின்னத் துண்டு ஒன்று போதும். அதை வாங்கப் பஞ்சிப்பட்டு வயரை ரிவியின் யூஎஸ்பி ஓட்டையில் செருகிவிடுகிறீர்கள். பழைய ரிவிகள் பலவற்றில் அந்த ஓட்டை தருவது அரை அம்பியர். குச்சிக்கு வேண்டியது ஒரு அம்பியர் அளவில். பாதிப் படத்தில் அது அணைந்து அணைந்து எழும்பும். நாங்கள் குச்சி பழுது என்று கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிடுவோம்.

பிறகு சுவர். எங்களுடையது அப்பு கட்டின கல்வீடு. றவுட்டர் விறாந்தையில், ரிவி உள் அறையில். வைஃபைக்கு 5, 2.4 கிகாஹேர்ட்ஸ் என்று இரண்டு அலை. வேகமான 5 அந்தச் சுவரோடு களைத்துப் போகிறது. 2.4 இல் போட்டால் வேகம் குறைவு, ஆனால் அறுந்து அறுந்து வராது. ரிவியில் குச்சி செருகும் ஓட்டைக்குப் பெயர் எச்டிஎம்ஐ. சில குச்சிகளின் பெட்டிக்குள் அதற்கு விரல் நீளத்தில் ஒரு நீட்டு வயர் இருக்கும். ரிவியின் முதுகோடு ஒட்டிக் கிடக்கும் குச்சியை அது சற்று வெளியே எடுத்துவிடும், வைஃபையும் நன்றாகப் பிடிக்கும். மகன் அதைப் பெட்டியோடு சேர்த்துக் குப்பைக்குள் போட்டுவிட்டான்.

அளவில்லா இன்ரநெற்றில் பழகிய உங்களுக்கு டேற்றா ஒரு கணக்கே இல்லை. இங்கே அப்படியில்லை. எச்டி படம் மணித்தியாலத்துக்கு 3 ஜிபி அளவில் குடிக்கும், 4கே என்றால் 7. தரத்தைக் குறைத்து வைத்தால் 1 ஜிபியோடு முடியும், எங்கள் கண்ணுக்கு அது காணும். ரிவியை மட்டும் நிறுத்திவிட்டுப் படுத்தால் சில வேளை குச்சி உள்ளுக்குள் அடுத்தடுத்த வீடியோவை ஓட்டிக்கொண்டே இருக்கும். மாதம் முடிய முதல் டேற்றா முடிந்தால் பழி என் தலையில்தான்.

இன்னும் சிலர், ஆயுளுக்கும் எல்லாச் சனலும் இலவசம் என்று மலிவான அன்ட்ரொயிட் பெட்டியைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். இப்படியான பெட்டிகள் சிலவற்றில் விற்பனைக்கு முன்னரே கள்ள மென்பொருள் ஏற்றப்பட்டிருக்கிறது, அதன் வழியாகக் குற்றவாளிகள் வீட்டு இன்ரநெற்றையே பாவிக்கிறார்கள் என்று 2025 யூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரித்தது. பெற்ற தாய் தகப்பன் வீட்டில் அதைப் பூட்டாதீர்கள்.

மற்றது ஒரு கொப்பித் தாள். வைஃபையின் பெயர், கடவுச்சொல், குச்சி எத்தனையாவது எச்டிஎம்ஐயில் இருக்கிறது, கணக்கு எந்த மின்னஞ்சலில் இருக்கிறது, றவுட்டர் மாறினால் எந்தப் பட்டனில் தொடங்குவது எல்லாவற்றையும் பெரிய எழுத்தில், தமிழில் எழுதிவைத்துவிட்டுப் போங்கள். எங்கள் தாளைப் பெடியன் சொல்லச் சொல்ல நானே எழுதி அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறேன். இந்த ஆவணியில் மகன் வருகிறான். அவனைக் கதிரையில் இருத்திவிட்டு, குச்சியைக் கழற்றி, உள்ளே இருப்பதை எல்லாம் அழித்து, முதலில் இருந்து நானே பூட்டிக் காட்டப் போகிறேன். அவன் கை வைக்கக் கூடாது.

ஓய்வுபெற்ற தபாற்கந்தோர் ஊழியர்,
கொக்குவில்.