கதிரையும் புத்தகமும் ஒருதாய்ப் பிள்ளைகளா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மென்பொருள் டிப்ளோமா படிக்கும் என் பெறாமகள் போன கிழமை ஒரு பாடக்குறிப்பைக் கொண்டுவந்து காட்டினாள். நான் கட்டடப் படவரைஞராக இருந்து ஓய்வுபெற்றவன். கணனி அவளிடம் பழகியதுதான். ஆனாலும் கோடு பிழைத்தால் எனக்குப் பொறுக்காது.

பாடம், ஒரு சனசமூக நிலையத்துக்கான வகுப்பு வரைபடம்; அதாவது மென்பொருளில் வரும் வகைகளைப் பெட்டிகளாகவும் அவற்றின் தொடர்புகளைக் கோடுகளாகவும் காட்டும் படம். மேலே 'ஆள்' என்று ஒரு பெட்டி. கீழே தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூன்று. மூன்றிலிருந்தும் வெற்று முக்கோணத் தலையுடன் கோடு மேலே போகிறது. இப்படிப் படம் வரைவதற்கான பொதுக் குறியீட்டு முறையான யூ.எம்.எல்.லில் அந்த முக்கோணத்துக்கு 'இது அதில் ஒரு வகை' என்று அர்த்தம்.

எங்கள் நிலையத்தில் போன வருடப் பொருளாளர்தான் இந்த வருடச் செயலாளர். ஜாவா என்ற நிரல்மொழியில் பொருளாளராகப் பிறந்த ஒப்ஜெக்ட் (கணனிக்குள் அந்த ஆளுக்கான உரு) கடைசிவரை பொருளாளர்தான். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த கையோடு அந்த மனுசனை விட்டுவிட்டு, செயலாளராகப் புதிதாக ஒருவரை உண்டாக்க வேண்டும். அவர் இரவல் எடுத்த புத்தகங்கள் பழைய ஆளின் பெயரிலேயே தொங்கும். (திருப்பித் தராததற்கு அவருக்கு அது நல்ல சாட்டு.)

1997இல் தரமாக ஏற்கப்பட்ட யூ.எம்.எல்.லில் பதவிக்கென்றே இடம் இருக்கிறது. ஆளையும் நிலையத்தையும் ஒரு கோட்டால் இணைத்து, ஆள் பக்க நுனியில் 'பொருளாளர்' என்றும் 0..1 (ஒருவரும் இல்லை அல்லது ஒருவர்) என்றும் எழுதினால் சரி. பதவிக்காலமும் வேண்டுமா? அந்தக் கோட்டிலிருந்து முறிகோட்டில் தொங்கும் ஒரு பெட்டி போதும்.

அடுத்த பக்கம் இன்னும் மோசம். நிலையம் புத்தகம் இரவல் கொடுக்கும். செத்தவீட்டுக்கும் கலியாணவீட்டுக்கும் கதிரையும் கொடுக்கும். இரண்டுக்கும் திருப்பித் தரும் தவணைக் கணக்கு ஒன்று என்பதற்காக, 'பொருள்' என்ற ஒரே தாய்க்கு இரண்டையும் பிள்ளைகளாக்கியிருக்கிறார்கள். நாளைக்கு மண்டபத்தையும் வாடகைக்கு விட்டால்? பொதுவாக இருப்பது அந்தக் கணக்குப் பார்க்கும் வேலை மட்டுமே. அதைத் தனியே எழுதி, வேண்டிய வகுப்பில் சேர்த்துக்கொள்வதுதான் ட்ரெயிட். பி.எச்.பி. மொழியில் அது 2012இலேயே வந்துவிட்டது. யூ.எம்.எல்.லில் அதற்கெனத் தனிக்குறி கிடையாது. ஆகவே பெட்டியின் தலையில் «ட்ரெயிட்» என்று எழுதி, முறிகோட்டு அம்பால் இணைத்து, மூலையில் குறிவிளக்கம் போட வேண்டும். குறிவிளக்கமில்லாத படத்தில் எங்கள் காலத்தில் மேலதிகாரி கையெழுத்தே வைக்கமாட்டார்.

அந்தக் குறிப்பில் ட்ரெயிட்டும் 'பண்பு', பெட்டிக்குள் எழுதும் பெயர், வயதும் 'பண்பு'. இரண்டு வேறு விசயங்களுக்கு ஒரே சொல் என்றால் படிக்கிற பிள்ளைகள் எதைப் பிடிப்பது?

சோதனையில் எதை வரைவது என்று பெறாமகள் கேட்கிறாள். குறிப்பில் உள்ளபடியே வரை, பக்கத்தில் சரியானதையும் வரைந்துவை என்றேன். குறிப்பை எழுதியவர்கள் அடுத்த பதிப்பிலாவது திருத்தினால் அவளுக்கு ஒரு படம் மிச்சம்.

ஓய்வுபெற்ற படவரைஞர்,
கொக்குவில்.