கடலோரத்து காருக்கு ஓட்டை போட்ட டிஸ்க் எதுக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கெழமை நம்ம பேப்பர்ல பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு பிரேக் டிஸ்க் (சக்கரத்தோட சுத்துற இரும்புத் தட்டு) மாத்துறதா இருந்தா ஓட்டை போட்டதா பாத்து வாங்குங்க, சூடு சீக்கிரம் ஆறும்னு போட்டிருந்தீங்க. மெட்ராஸ்ல ஷெட்டுக்குள்ள துணி போத்தி வச்சிருக்கவங்களுக்கு அது ஒத்து வரலாம், பாம்பன்ல வீட்டு வாசல்ல நிக்கிற வண்டிக்கு வேண்டவே வேண்டாம், நாங்க பட்டுட்டோம்.

நான் மண்டபத்துல விசைப்படகு இன்ஜின் வேலை பாக்குறவன், கார் மெக்கானிக் இல்ல, ஆனா உப்பு இரும்ப என்ன பண்ணும்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. எங்க மச்சான் சவுதில இருந்து வந்ததும் ஆசைப்பட்டு ஒரு பழைய பிஎம்டபிள்யூ இசட்4 வாங்குனாரு, ரெண்டு சீட்டு, மேல்கூரை தொறக்கும். 2017ல தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரைக்கும் ரோடு தொறந்ததுல இருந்து சாயந்தரமானா எல்லாருக்கும் அங்க போகணும், இவருக்கும் அப்டித்தான். கச்சான் காத்து மாசத்துல அந்த ரோட்டுல மணலும் உப்புத்தண்ணியும் சக்கரத்துக்குள்ள அப்டியே அப்பும். கொஞ்ச நாள்ல பாலத்துல ஸ்லோ பண்ணா ஸ்டியரிங் உதறுது, பெடல் கால்ல துடிக்குது.

மதுரைல ஒரு ஒர்க்ஷாப்ல டிஸ்க் வளைஞ்சிருச்சுன்னு சொல்லி ஓட்டை போட்ட ஜோடிய மாட்டி விட்டாங்க, பாக்க ஜம்முனுதான் இருந்துச்சு, ஒரு வருசம் கூட தாங்கல. திரும்ப அதே உதறல். வீட்லயே கழட்டிப் பாத்தேன். டிஸ்க்க பிடிச்சிருக்க சின்ன ஆலன் ஸ்க்ரூ துருப்பிடிச்சு தலை வழுக்கி டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டியதாப்போச்சு. ஓட்டையெல்லாம் செங்காமட்டி கணக்கா துரு அடைச்சு கெடக்கு, நாலஞ்சு ஓட்டைல இருந்து முடி மாதிரி வெடிப்பு ஓடுது. அதவிட கோவம் வந்தது ஹப்ப, அதான் டிஸ்க் உக்கார்ற நடு இரும்ப பாத்துதான், பழைய துரு செதில் செதிலா அப்டியே ஒட்டியிருக்கு, சுரண்டாமயே அதுமேல புது டிஸ்க்க வச்சு முறுக்கியிருக்காங்க. ஒரு பேப்பர் கனம் கிட்டத்தட்ட 0.1 மில்லிமீட்டர், டிஸ்க் ஆட்டம் அதுல பாதிக்குள்ள இருக்கணும். துரு மேல உக்காந்த டிஸ்க் கோணலா சுத்தி ஒரே எடத்துல பேட்ல (டிஸ்க்க ரெண்டு பக்கமும் அமுக்கிப் பிடிக்கிற கட்டை) தேஞ்சு மெலிஞ்சு உதறும், இதத்தான் வளைஞ்சிருச்சுன்னு சொல்லி காசு வாங்குறது.

ஓட்டை மழைல கொஞ்சம் ஒதவும்தான், போர்ஷேல கம்பெனியே போட்டு வருது, அத நான் இல்லைங்கல. ஆனா அந்தக்காலத்து பேட் சூட்டுல புகையா கேஸ் விடும், அது வெளியேறத்தான் ஓட்டை போட ஆரம்பிச்சது, இப்ப உள்ள பேட்ல அந்தப் பிரச்சினை பெருசா இல்ல. பிரேக்க அமுக்குன ஒடனே சூட்ட வாங்கி வச்சிக்கிறது இரும்போட எடைதான், ஓட்டை போட்டா எடையும் போச்சுல்ல.

இப்ப மாட்டியிருக்கது நடுவுல காத்து போற சாதா டிஸ்க், முழுசா ஜிங்க் கோட்டிங் குடுத்தது. பேட் படுற எடத்துல கோட்டிங் ரெண்டு நாள்ல தேஞ்சு போயிரும், அது பரவால்ல, ஹப் உக்கார்ற எடமும் உள்பக்க காத்து வழியும்தான் நமக்கு முக்கியம். சேஸ் நம்பர குடுத்து வாங்குங்க, ஒரே மாடல்ல இன்ஜினுக்கு இன்ஜின் சைஸ் மாறும். ஐரோப்பா ஒப்புதல் உள்ளதுல 90ஆர்னு ஒரு நம்பர் இருக்கும், தேடிப் பாருங்க. ரெண்டு பக்கமும் சேத்து மாத்தணும், பேடும் புதுசு.

பழசு தாங்குமான்னு பாக்க டிஸ்க்லயே மினிமம் கனம் குத்தியிருக்கும். கனம் அளக்குற வெர்னியர சும்மா வச்சா ஓரத்துல தேயாத வரப்பு இடிச்சு கனம் கூடக் காட்டும், ரெண்டு பக்கமும் ஒரு ஒத்தரூவா காச வச்சு அளந்து காசு கனத்த கழிச்சிருங்க. லேத்துல குடுத்து வழவழன்னு ஆக்குறோம்பாங்க, கனம் இன்னும் கொறையும்ல, அளக்காம குடுக்காதீங்க.

மாட்டுனப்புறம் புது பேடும் டிஸ்க்கும் ஒண்ணோட ஒண்ணு பதியட்டும்னு விடியக்காலைல ஆளில்லாத ரோட்டுல 60ல இருந்து 15 வரைக்கும் ஒரு பத்து தடவ பிரேக் போட்டு கொறச்சோம், முழுசா நிறுத்தல, சூட்டோட நிறுத்தி பெடல அமுக்கிப் பிடிச்சா பேட் அச்சு விழுந்துரும். இப்பல்லாம் தனுஷ்கோடி போய்ட்டு வந்தா ஆற விட்டு நல்ல தண்ணி அடிச்சு, தெருவ ஒரு சுத்து சுத்தி காய வச்சிட்டுத்தான் நிறுத்துறது. உதறல் இல்ல. மச்சானுக்கு மட்டும் ஓட்டை இல்லாத டிஸ்க் வீல் வழியா பாத்தா மொட்டையா தெரியுதாம்.

இப்படிக்கு,
ஒரு படகு இன்ஜின் மெக்கானிக், மண்டபம்