மலாக்கா செட்டிகளின் படையல்

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் கிடைத்தது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாளா? இனி நாகப்பட்டினத்தை விட்டு நீ அசையமாட்டாய்! நான் இன்னும் சிங்கப்பூரில் மகன் வீட்டில்தான் இருக்கிறேன். முட்டிவலி குறைந்திருக்கிறது, கொஞ்சம் ஊர் சுற்றுகிறேன்.

போன வாரம் ஆர்மீனியன் தெருவிலுள்ள பெரனாக்கன் அருங்காட்சியகத்துக்குப் போனோம். 1912-ல் கட்டிய சீனப் பள்ளிக்கூடக் கட்டடம் அது. வியாபாரத்துக்குக் கடல் தாண்டி வந்தவர்கள் இந்தப் பக்கமே பெண்ணெடுத்துத் தங்கிவிட, அவர்கள் வழியில் வந்தவர்களைத்தான் பெரனாக்கன் என்கிறார்கள். சீன வழியினர்தான் அதிகம். அவர்கள் வீட்டுப் பெண்கள் செய்த மணிவேலையைப் பார்த்ததும் உன் ஞாபகம்தான் வந்தது. செருப்பின் மேல்பாகம் முழுக்கக் கடுகைவிடச் சின்னக் கண்ணாடி மணிகள். ஐரோப்பாவிலிருந்து வந்த மணிகளாம். ஒவ்வொன்றாகத் தைத்துப் பூவும் பறவையுமாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். துக்கம் காக்கும் நாட்களுக்கென்று நீலமும் வெள்ளையுமாகத் தனியே உண்டு. எம்பிராய்டரி என்றால் உயிரை விடுகிற நீ அந்தக் கண்ணாடிப் பெட்டிகளை விட்டு நகர்ந்திருக்கமாட்டாய். கெபாயா என்ற மேல்சட்டைக்குப் பித்தானே கிடையாது. கெரோசாங் என்று, சங்கிலியால் கோத்த மூன்று ஊசிநகைகளைக் குத்திக்கொள்கிறார்கள்.

அப்புறம், மலாக்கா செட்டிகளைப் பற்றி உனக்குச் சொல்லியாக வேண்டும். உங்கள் நாகப்பட்டினம் மாதிரியான சோழமண்டலக் கரைத் துறைமுகங்களிலிருந்து துணி ஏற்றிக்கொண்டு வந்த தமிழ் வியாபாரிகள், 1511-ல் போர்த்துக்கீசியர் பிடிப்பதற்கு முன்பே, இன்றைய மலேசியாவிலுள்ள மலாக்காவில் செல்வாக்கோடு இருந்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்துப் பெண்களைக் கட்டிக்கொண்டவர்களின் சந்ததிதான் இவர்கள். வீட்டில் பேசுவது மலாய், பெண்கள் உடுத்துவது சாரோங் என்ற கைலியும் கெபாயாவும். கும்பிடுவது மாரியம்மனையும் பிள்ளையாரையும். 1781-ல் அவர்கள் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயில் மலாக்காவில் இன்றும் இருக்கிறது. போகியன்று வாழையிலை போட்டு, இறந்தவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து முன்னோருக்குப் படைக்கிறார்கள். வருடத்தின் நடுவில், பழக்காலத்தில், டுரியானும் மங்குஸ்தானுமாக இன்னொரு படையல் உண்டு.

மாலதி, அந்த இலையை முதலில் போட்டவள் யாராக இருக்கும் என்றுதான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நம் கரையைக் கண்ணால் பார்த்திராத ஒரு பெண். புருஷன் சொல்லக் கேட்டு, முகம் தெரியாத மாமியார் மாமனாருக்குத் தன் கைச் சமையலைப் பரிமாறியிருப்பாள். அதையே மகளுக்கும் மருமகளுக்கும் சொல்லிக்கொடுத்திருப்பாள். ஐந்நூறு வருடம் தாங்கியது அதனால்தான் என்று நினைக்கிறேன். பேச்சு மாறிப்போனதற்காக அவர்கள்மேல் பரிதாபப்பட எனக்கு மனம் வரவில்லை. அடுப்படியில் நின்றவர்கள் காப்பாற்றிக்கொடுத்தது எனக்குப் பெரிதாகப் படுகிறது. நம் பாட்டிகள் போகிக்குப் புதுப்புடவை வைத்துப் படைத்ததையும் யாரும் எழுதி வைக்கவில்லையே.

தமிழ் முஸ்லிம் வழியில் வந்த ஜாவி பெரனாக்கன்களும் உண்டு. 1876-ல் சிங்கப்பூரில் மலாய் மொழியின் முதல் செய்தித்தாளை நடத்தியவர்கள் அவர்கள்தான்.

மலாக்காவில் காஜா பேராங் என்ற இடத்தில் செட்டிகளின் கிராமம் இருக்கிறது. இங்கிருந்து பஸ்ஸிலேயே போய்விடலாம். போகி சமயத்தில் போக ஆசை, நீயும் வந்தால் நன்றாக இருக்கும். பேத்தியை மருமகள் பார்த்துக்கொள்ளட்டும். உன் பாஸ்போர்ட் எதுவரை செல்லும் என்று பார்த்து எழுது, டிக்கெட்டை மகன் பார்த்துக்கொள்வான்.

அன்புடன்,
சரோஜா