‘இறக்கம்தானே’ என்று எழுதலாமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடைச் சுற்றுலாச் சிறப்பிதழில் அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் நடுவில் ஒரு வாக்கியம்: ‘காலையில் கிளம்பினால் கொலராடோ ஆற்றில் கால் நனைத்துவிட்டு இருட்டுவதற்குள் மேலே வந்துவிடலாம், இறக்கம்தானே, சிரமம் தெரியாது.’ அதுவும் ஜூலை மாதத்தில்! பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்பதால் அதுவே தோதான காலமாம்.

தாங்கள் அறியாதது அல்ல. விளிம்பிலிருந்து ஆறுவரை இறங்கி ஒரே நாளில் ஏறி வர முயலாதீர்கள், குறிப்பாக மே முதல் செப்டம்பர் வரை வேண்டாம் என்று தேசியப் பூங்கா நிர்வாகம் ஆண்டுதோறும் மன்றாடுகிறது. கோடையில் காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையே பள்ளத்தாக்குக்குள் நடக்கவே வேண்டாம் என்கிறது. அந்த எச்சரிக்கையை உங்கள் அலுவலகத்தில் ஒருவர்கூடப் பார்க்காமலா கட்டுரை அச்சுக்குப் போனது?

நம் ஊர் மலைகளில் நடந்து பழகியவர்களுக்குத்தான் அந்த ‘இறக்கம்தானே’ மிகவும் ஆபத்தானது. வெள்ளியங்கிரியிலும் சதுரகிரியிலும் பருவதமலையிலும் முதலில் ஏற்றம். மூச்சு வாங்கினால் உட்காரலாம், முடியவில்லை என்றால் பாதியில் திரும்பி இறங்கிவிடலாம். கிராண்ட் கேன்யனில் எல்லாம் தலைகீழ். தென் விளிம்பு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலையில் சிலுசிலுவென்று காற்று வீசும். ஆறு அங்கிருந்து 1,300 மீட்டருக்கும் கீழே. இறங்க இறங்கச் சூடு கூடும். மேலே 29 டிகிரி என்றால் ஆற்றங்கரையில் 40 டிகிரியைத் தாண்டிவிடும். களைத்துப்போனோம் என்று உடம்பு சொல்லும்போது நாம் பள்ளத்தின் அடியில் நிற்போம். இறங்க ஆன நேரத்தைப் போல் இரண்டு மடங்கு ஏறுவதற்கு ஆகும். அந்த ஏற்றம் முழுவதும் உச்சி வெயிலில்.

கட்டுரையாளர் பரிந்துரைக்கும் சவுத் கைபாப் பாதையில் ஆற்றங்கரை முகாம்வரை 11 கிலோமீட்டருக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, நிழலும் அநேகமாக இல்லை. இன்னொரு பாதையான பிரைட் ஏஞ்சலில் இடையிடையே குழாய்கள் உண்டு. ஆனால் பழைய நீர்க்குழாய் அடிக்கடி உடையும், அன்று அவையும் வறண்டிருக்கும். இதில் எதுவுமே கட்டுரையில் இல்லை. லாஸ் வேகாஸில் எந்த இந்திய உணவகத்தில் மசால் தோசை நன்றாக இருக்கும் என்பது மட்டும் இருக்கிறது.

நான் ஃபீனிக்ஸில் குடியிருக்கிறேன். விடியுமுன் இறங்கி, சவுத் கைபாப் பாதையில் உள்ள சீடர் ரிட்ஜ் என்ற மேடுவரை நடந்து, வெயில் ஏறுமுன் மேலே வந்துவிடுவது எங்கள் குடும்பத்தின் கோடை வழக்கம். ஒரு ஜூன் மாதம் நாங்கள் மேலேறிக்கொண்டிருந்தபோது, வளைவு ஒன்றில் அறுபது வயதைக் கடந்த தமிழ்த் தம்பதியைக் கண்டோம். மகனைப் பார்க்க ஊரிலிருந்து வந்தவர்கள். அந்த அம்மா பாறையோரம் ஒரு முழ அகல நிழலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐயாவின் நீலச் சட்டை முதுகில் வியர்வை காய்ந்து உப்பு வெள்ளைக் கோடாகப் பூத்திருந்தது. அரை லிட்டர் பாட்டிலைக் கவிழ்த்து, மூடியில் சொட்டும் கடைசித் தண்ணீரை மனைவியின் உதட்டருகே பிடித்துக்கொண்டிருந்தார். “பையன் ஆற்றைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று போயிருக்கிறான், நாங்கள் மெதுவாக ஏறுகிறோம்” என்றார். அந்த அம்மா தினமும் ரத்த அழுத்த மாத்திரை போடுகிறவர்.

அவரது முந்தானையை நனைத்துத் தலையில் போட்டோம். தண்ணீரோடு எங்களிடம் இருந்த புளியோதரையையும் உப்பு நார்த்தங்காயையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடக் கொடுத்தோம். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கமும் வலிப்பும் வரலாம்; உயிருக்கே ஆபத்து. அதனால்தான் உப்புத் தின்பண்டம் எடுத்துச் செல்லுங்கள் என்று பூங்காக் காவலர்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொள்கிறார்கள். எங்கள் அதிர்ஷ்டம், ரோந்து வந்த தன்னார்வலர் ஒருவர் கூடவே நின்று அவர்களை மேலே கொண்டுவந்து சேர்த்தார். கடும் வெயிலில் ஹெலிகாப்டர்கூட உடனே வர முடியாது என்பது உங்கள் வாசகர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

‘ஓரளவு நடைப் பழக்கம் உள்ளவர்களுக்குப் பிரச்சினை இல்லை’ என்றும் கட்டுரையில் ஒரு வரி. 2004 ஜூலையில் இந்தப் பள்ளத்தாக்கில் இறந்துபோன பெண்ணுக்கு வயது 24. மருத்துவ மாணவி. அதே ஆண்டு ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானை மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் ஓடி முடித்தவர். அவரைவிடவா நடைப் பழக்கம் வேண்டும்?

இது முதல் முறை என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். முன்பு கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்கா பற்றிய கட்டுரையில், அங்குள்ள வெர்னல் அருவியின் உச்சியில் தடுப்புக் கம்பியைத் தாண்டி நிற்பவர்களின் படத்தைப் போட்டு, ‘குற்றாலத்தை நினைவூட்டும் குளியல்’ என்று எழுதினீர்கள். 2011 ஜூலையில் அதே இடத்தில் கம்பியைத் தாண்டிய மூன்று பேரை வெள்ளம் அருவியோடு அடித்துச் சென்றது. பனி உருகி வரும் அந்த நீரின் வேகம் கரையில் நிற்பவர்களுக்குத் தெரியாது. அப்போதும் விரிவாகக் கடிதம் எழுதினேன். ‘யோசெமிட்டி கட்டுரை கண்ணுக்கு விருந்து’ என்ற முதல் வரியை மட்டும் என் பெயரோடு வெளியிட்டீர்கள். எச்சரிக்கை முழுவதும் போய்விட்டது. அந்த இதழைப் பார்த்த தோழிகள் எனக்கு வாழ்த்துச் சொன்னபோது கூனிக் குறுகிப்போனேன்.

என் மாமனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் பத்திரிகை இது. இதில் அச்சாகி வந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பும் பெற்றோர்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள்தான் மே, ஜூனில் விமானம் ஏறி இங்கே வருகிறார்கள். மகனோ மருமகளோ ‘நடக்கலாம்’ என்றால் மறுத்துப் பேசாமல் நடப்பார்கள்.

நான் கேட்பது அடுத்த இதழில் ஒரு சிறு பெட்டிச் செய்தி. கோடையில் ஒரே நாளில் ஆறுவரை போய்வரக் கூடாது. பள்ளத்தாக்கைப் பார்க்க விளிம்புப் பாதையே போதும். இறங்கியே ஆகவேண்டும் என்பவர்கள் விடியற்காலையில் சீடர் ரிட்ஜ் வரை, போக 2.4 கிலோமீட்டர், அதோடு திரும்பிவிட வேண்டும். தண்ணீரும் உப்புத் தின்பண்டமும் கட்டாயம். இவ்வளவுதான். கடைசிப் பக்கத்தில் போட்டாலும் சரி. இந்தக் கடிதத்தைச் சுருக்க வேண்டியிருந்தால், படங்கள் நன்றாக இருந்தன என்ற வரியை வெட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
ஃபீனிக்ஸ், அரிசோனா